பழகத் தெரியாதவர் யார்?

வீட்டுக்கு வந்தவர் புறப்படும்போது "வாறன்" என்கிறார். போகிறவர் ஏன் வருகிறேன் என்கிறார் என்று ஒரு பிள்ளை குழம்பினால் அந்தக் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?" என்ற விசாரிப்புக்குக் காலையில் தின்றதையெல்லாம் அது ஒப்புவித்தால் நாம் சிரிக்கிறோம். இவ்விதிகளை எவரும் எழுதித் தருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் பார்த்தே பிடித்துக்கொள்கின்றன. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் சமூகத் தொடர்பாடலில் இடர்ப்படும் வேறு பிள்ளைகளுக்கும் அது எளிதாக வாய்ப்பதில்லை.

அவர்களுக்கு இவற்றைக் கற்பிப்பது உதவியா, நடிக்கப் பழக்குவதா?

கற்பிக்கத்தான் வேண்டும் என்பேன். விதி தெரியாத பிள்ளை விளையாட்டில் ஒதுக்கப்படுகிறது. கேலியை நட்பென்று நம்பி ஏமாறுகிறது. 1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 'சமூகக் கதை' என்ற முறையை வகுத்தார். ஒரு சந்தர்ப்பத்தில் என்ன நடக்கும், மற்றவர் ஏன் அப்படி நடக்கிறார் என்பதைச் சிறு கதையாகப் பிள்ளைக்குச் சொல்வது அது. அதில் விளக்கம் கூட, கட்டளை குறைவு. பிள்ளைக்கும் காரணம் அறியும் உரிமை உண்டென்று அம்முறை ஏற்றுக்கொள்வதே எனக்குப் பிடித்தது.

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்துவது வேறு விடயம். பெரியவர்களை நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது மரியாதையல்ல என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நம்மில் பலர். ஆக, அது மனித இயல்பின் சட்டமல்ல, ஓரிடத்து வழக்கம். கண்ணைப் பார்த்தால் சொல் காதில் ஏறுவதில்லை என்று ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கேட்பதைப் பறித்துக்கொண்டு கேட்பது போன்ற தோற்றத்தைக் கொடுப்பதில் யாருக்கு இலாபம்?

தாமும் ஓட்டிசம் உள்ளவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்டன், 2012 இல் இதனை இருபக்கச் சிக்கல் என்று வாதிட்டார். அவர்களுக்கு நம்மைப் புரிவது கடினம். நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. ஆனால் குறைபாடு என்ற பெயரை எண்ணிக்கையில் கூடியவர்கள் மற்றவர் மீது சுமத்திவிடுகிறோம்.

ஆகவே எனது அளவுகோல் இது: கற்பிக்கும் திறன் அப்பிள்ளைக்கு உதவுகிறதா, நமது கூச்சத்தை மட்டும் போக்குகிறதா? உதவி கேட்கவும், "வேண்டாம்" என்று மறுக்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் கற்பிப்போம். கைகளை அசைப்பதை, தனியே இருப்பதை விட்டுவிடுவோம். வகுப்பிலுள்ள ஏனைய பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு: சுற்றி வளைக்காமல் பேசுவது, பதிலுக்குப் பொறுத்திருப்பது, விளையாட்டின் விதியைச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வது. ஒரு பிள்ளை நம்மை நோக்கிப் பத்து அடி நடந்து வரும்போது நாம் இரண்டடியாவது எடுத்து வைக்காவிட்டால், பழகத் தெரியாதவர் என்ற பெயர் நமக்கே பொருந்தும்.