தடுத்தாட்கொள்ளும் அருள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரில் அவதரித்த நம்பியாரூரரை இறைவன் மணப்பந்தரில் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்டான். கிறிஸ்துவின் அடியாரை ஒறுக்கத் தமஸ்குவுக்குச் சென்ற சவுலாகிய பவுலும் வழியில் தடுக்கப்பெற்றார் என்பர் கிறிஸ்தவர். இகழ்ந்த வாயே பாமாலை சூட்டிற்று. ஒறுக்கப் புகுந்தவரே நிருபங்கள் வரைந்தார்.

அற்றேல், அருள் தகுதி நோக்கி வருவதோ? மனிதன் தன் முயற்சியானே நன்னெறி நிற்றல் கூடுமென்ற பெலாகியுவை அகுஸ்தீன் மறுத்தார். 418இல் கார்த்தேஜிற் கூடிய சங்கமும் அக்கொள்கையை விலக்கிற்று. அருள் கூலியன்று, கொடை என்பது அவர் துணிபு.

சித்தாந்தமோ மலபரிபாகத்தின்கண் சத்திநிபாதம் நிகழும் என்னும். அப்பரிபாகம் உயிர் ஈட்டிய கூலியன்றோ எனின், அன்று. மலத்தைப் பக்குவப்படுத்துவதும் திரோதான சத்தியாய் மறைந்துநின்ற அருளே. ஆகலின், யானே உய்ந்தேன் எனத் தருக்குதற்கு இருநெறியினும் இடமின்று. எல்லார்க்கும் ஒருங்கே அருள் பதியாமை ஏன் என்னும் வினாவிலேயே அவை பிரிகின்றன: அகுஸ்தீன் இறைவன் திருவுளம் என்பர், நம்மனோர் உயிரின் பக்குவம் என்பர்.