ஏக்கமும் வைராக்கியமும்

மனைவி மக்களோடு அந்நிய தேசத்தில் குறைவின்றி வாழ்பவன், குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் வைத்தது வைத்தபடி கிடப்பதைக் கண்டு ஊரை எண்ணி மனம் சோர்கிறானே, அது ஆத்மாவைப் பிணிக்கும் பற்றுதானா என்று வினவினால், ஆம் என்று விடையிறுக்கும் வேதாந்திகள் பலருளர். அவர்களோடு நான் உடன்படேன்.

கொதிக்கும் மணலில் கிடத்தி, மார்பின்மேல் பாறையை ஏற்றி மக்கத்தார் வதைத்தபோதும் ஏக இறைவனின் நாமத்தை விடாத நபித்தோழர் பிலால், 622-ஆம் ஆண்டில் மக்காவைத் துறந்து குடிபெயர்ந்த ஹிஜ்ரத்தை அடுத்து மதீனாவில் காய்ச்சலுற்றுக் கிடந்த நாட்களில் ஏங்கியது, மக்கத்துப் பள்ளத்தாக்கிலே இத்கிர் என்னும் வாசனைப் புல் சூழ ஓர் இரவு கழிக்கவேண்டும் என்பதற்கே. தம்மை வதைத்த ஊரின் புல்! அவரை வைராக்கியம் குன்றியவர் என்று சொல்ல எவர் துணிவார்?

அந்த ஏக்கத்தை அறிந்த நபிகள் நாயகம் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப்போல, அல்லது அதனினும் மேலாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்குவாயாக என்று பிரார்த்தித்தார் என ஹதீஸ் நூல்கள் கூறும். பழைய அன்பைத் துடைத்துவிடும்படி அவர் கேட்கவில்லை. அதே பிரார்த்தனையில், அவ்வூரார் தானியம் அளக்கும் ஸாஉ, முத்து என்னும் அளவைகளிலும் அபிவிருத்தி வேண்டினார். அடுக்களைக் கவலை ஆண்டவன் சந்நிதிக்கு ஆகாதென்று அவர் கருதவில்லை.