போர்வினையும் மீண்டோர் நிலையும்

தொண்டைநாட்டுத் திருவேற்காட்டிற்கு அணித்தாகிய அயனம்பாக்கத்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களினும் படைத்தொழிலினின்று ஓய்வுபெற்றோர் பலர் குடியிருக்கின்றனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தே படைத்தளமாயிருந்த ஆவடி அயலில் உள்ளமையின் அஃது இயல்பே. ஏவலின்படி கொன்ற வினை எவரைச் சாரும், அது கனவினும் வந்து வருத்துவதென்னை என்று அவருள் ஒருவர் எம்மை வினாவினார்.

முன்னைவினை, நுகர்ந்து தீர்க எனச் சுருங்க விடையிறுப்பார் நம்முள்ளும் உளர். நொந்தார்முன் அது கூறத்தக்கதன்று. வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்வார்க்கு உதவுவதேயன்றிப் பிறர் துயர்கண்டு வாளாவிருத்தற்குச் சாக்காகாது. உறக்கங்கெடுக்கும் அவ்வருத்தத்தை அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தார் 1980-ல் நோய்வரிசையிற் சேர்த்தனர். நோயாதலின் மருந்துங் கொள்ளற்பாலதே. அதனைக் கோழைமையென்பார் போர்முகங் காணாதவர்.

இனி, வினாவிற்கு விடை சிறுத்தொண்டர் புராணத்தே கிடைக்கின்றது. பரஞ்சோதியார் பல்லவன் தண்டத்தலைவராய்ச் சென்று வாதாபியைத் துகளாக்கி மீண்டனர். அரசன் முதலாம் நரசிங்கவர்மன் என்றும், காலம் 642-ஐ ஒட்டியதென்றும் வரலாற்றாசிரியர் கொள்வர். அவரது ஆற்றலை வியந்த அரசன், அவர் சிவனடியாரென அமைச்சர்வாய்க் கேட்டு நடுங்கி, கொடும்போரில் அவரை ஏவிய பிழையைப் பொறுக்குமாறு வேண்டினான். அவரோ, தம் தொழிற்கு உரியதையே செய்ததாகவும், அதில் தீங்கில்லையெனவும் மொழிந்தார். வென்று வந்தவனை வேந்தன் பொறுத்தல் வேண்டிய இவ்விடத்தை நம் பிரசங்கியார் விரைந்து கடந்துவிடுகின்றனர்!

அரசன் அஞ்சியது அடியாரை ஏவினமை பற்றியே, எல்லாப் படைஞர்க்கும் அது பொருந்தாதெனின், அற்றன்று. உயிர்களெல்லாம் இறைவனுக்கு மீளா அடிமை என்பது சித்தாந்தத் துணிபு. எனவே எவரை ஏவினும் ஏவியது பிறர் உடைமையையே. ஆதலின் ஏவினோனும் அவ்வினையிற் பங்குடையன். ஏவப்பட்டோன் முற்றும் நீங்கினானல்லன். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல் வேறு, அரசன் ஏவல் நிற்றல் வேறு. எனினும் அச்சுமையை அவனே தனித்துச் சுமக்கவிடுதல் அறமன்று.

பிழைபொறுக்க வேண்டியதோடு பல்லவன் அமைந்திலன். நிதி பல நல்கி, தொண்டின்வழி ஒழுகுமாறு விடைகொடுத்தனன். திருச்செங்காட்டங்குடிக்கு மீண்ட பரஞ்சோதியார் திருவெண்காட்டு நங்கையாரை மணந்து, நாடோறும் அடியாரை அமுதுசெய்வித்த பின்னரே தாம் உண்பாராயினர். நகரத்தைத் துகளாக்கிய கை அமுது படைக்குங் கையாயிற்று.

அண்மைக்காலத்தே இது நிகழ்ந்திலது. மலேயாத் தமிழர் பலர் சேர்ந்த இந்திய தேசிய இராணுவம் 1945-ல் கலைந்தது. ஏவிய தலைவர் இலராயினார். 1947-ல் விடுதலைபெற்ற நாடும் மீண்டோரைத் தன் படையிற் சேர்த்திலது. விடுதலைப் போராளிகட்கு மைய அரசு ஓய்வூதியம் வகுத்தது 1972-லேதான். கால் நூற்றாண்டின் இடைவெளியை அவர் எங்ஙனங் கழித்தனர் என வினவுவார் அரியர்.

ஏவலால் அமைந்த வாழ்வு ஏவல் ஒழிந்தவழி வெறுமையாதலை யாம் பலரிடத்துங் கண்டுளோம். பொருளுதவி அரசின் கடன்; பணியளித்தல் மடங்கட்கும் ஆலயங்கட்கும் இயல்வதே. நந்தவனம், திருவலகு, மாகேசுர பூசை இவற்றிற்கு ஆளில்லையென ஆண்டுதோறும் முறையிடுகின்றோம். விடியுமுன் எழுந்து குறித்த பொழுதிற் குறித்ததைச் செய்து பழகியோர் அயலிலேயே இருக்கின்றனர். அவரைப் பந்தியில் அமர்த்தி உபசரிப்பதோடு நில்லாது, பரிமாறும் அகப்பையை அவர் கையிற் கொடுத்தல் வேண்டும்.