விலக்குக்கு முந்தைய நாள்கள்

வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். முதுகலை முதலாண்டு மாணவி. ஆவடிக்கு அப்பாலிருந்து மின்சார ரயிலில் வருபவள். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறார். ஜூலையில் நான்கு நாள், ஆகஸ்டில் ஐந்து நாள், செப்டம்பரில் நான்கு நாள் அவள் வரவில்லை. மற்ற நாள்களில் முதல் பெஞ்சில் இருப்பவள். 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது என்று எச்சரிக்கத்தான் அழைத்தேன்.

"பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாம் இருட்டிக்கும் மேடம். செத்துடலாம்னு தோணும். வந்த மறுநாள் சரியாயிடும். நேத்து ஏன் அப்படி நெனச்சேன்னு எனக்கே பயமா இருக்கும்." சற்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "யார்கிட்டயாவது சொன்னா கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்களா?"

1794இல் தொடங்கும் வரலாறுடைய ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பெண் வாய்திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் முதலில் சொற்களைத் தேடினேன். தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு, மாதவிலக்கு என்று உதிரம் போகும் நாள்களுக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள்! எல்லாமே மற்றவர்கள் அவளை எப்படி ஒதுக்க வேண்டும் என்று சொல்பவை. அதற்கு முந்தைய நாள்களில் அவளுக்குள் நடப்பதற்குப் பேச்சு வழக்கில் ஒரு சொல் இல்லை. அப்போது கத்தினால் திமிர், அழுதால் நடிப்பு, பேசாமல் கிடந்தால் காத்து கருப்பு. அவள் அம்மா பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு கயிறு கட்டியிருந்தார். பக்கத்துத் தெரு டாக்டர், கல்யாணமானால் சரியாகிவிடும் என்றாராம்.

மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: பிஎம்டிடி, மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013இல் தன் ஐந்தாம் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. 2022 முதல் நடப்பிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இருக்கிறது. மாதவிடாய் வரும் பெண்களில் நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பேர் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இவர்களின் ஹார்மோன் அளவு பெரும்பாலும் மற்றவர்களைப் போலத்தான். அதன் ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் எதிர்வினைதான் வேறு. ஆகவே ரத்தப் பரிசோதனையில் 'எல்லாம் நார்மல்' என்றே வரும். இந்நோயுள்ள 599 பேரிடம் கேட்டு 2022இல் வெளியான ஆய்வில், 34 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார்கள்.

இதை எழுதும்போது எனக்குள்ளேயே ஒரு தயக்கம். 1980களில் இந்த நோய்ப்பெயர் முன்மொழியப்பட்டபோது பவுலா கேப்லன் போன்ற பெண்ணிய உளவியலாளர்கள் எதிர்த்தார்கள். பெண்ணின் இயல்பான மாதச் சுழற்சியைப் பைத்தியமாக்குகிறீர்கள் என்றார்கள். வீண் சந்தேகமல்ல. புரோசாக் என்ற பெயரில் விற்ற அதே மருந்து 2000த்தில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, சாராஃபெம் என்ற புதுப்பெயரோடு சந்தைக்கு வந்தது. நம் அலுவலகங்களிலும் ஒரு பெண் கோபப்பட்டால் "அவங்களுக்கு அந்த டைம்போல" என்று சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சி நாம் பேசாமலிருந்தால், இருட்டில் தனியாக இருப்பவள் அந்தப் பெண்தான்.

சட்டத்தின் காதில் இது எப்போது விழுந்தது என்று பாருங்கள். 1981இல் குழந்தைகளைக் கிணற்றில் தள்ளியதாக ராஜஸ்தானில் ஒரு பெண்மீது வழக்கு; ஒரு குழந்தை இறந்துபோனது. மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைப் பாதிப்பை ஏற்று உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது 2018இல். பிறர் உயிர் போன பிறகுதான் பேச்சு எடுபட்டது. தன் உயிரையே போக்கிக்கொள்ள நினைப்பவள் அதற்கு முன்பே பேசினால் கேட்பது யார்?

கேட்பவர்களும் ஆறுதலாகச் சொல்வது ஒன்றைத்தான்: "அது நீ இல்லம்மா, ஹார்மோன்." எனக்கு இது ஒப்பவில்லை. அந்த ஒரு வாரத்தில்தான் அவள், அம்மாவின் சம்பளத்தை அப்பா குடித்துத் தீர்ப்பதைப் பற்றிச் சண்டை போடுகிறாள். அது அவள் இல்லையென்றால், மீதி நாள்களில் வாய்மூடிச் சோறாக்குபவள் மட்டும்தான் அவளா? வீட்டுக்கு வசதியான பதில் இது. அப்பா குடிப்பது மாதம் முழுக்க உண்மை. மற்ற நாள்களில் அவள் பொறுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

அவள் கோபத்தை நம்புகிறேன். 'ஆகவே நான் இருக்கக்கூடாது' என்று அந்த வாரம் சொல்லும் தீர்ப்பை மட்டும் நான் ஏற்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்க வேண்டும், ஒன்றை மறுத்தால் மற்றதையும் மறுக்க வேண்டும் என்பதுதான் பிழை. என் உடல், என் முடிவு என்று சொல்லிவந்த நாம் அந்த முடிவில் தலையிடலாமா என்று கேட்கலாம். அடுத்த வாரம் அவளையே அஞ்சவைக்கும் முடிவு அது. தெளிவான நாள்களில் "அந்த நாள்ல என்னைப் பார்த்துக்கோங்க மேடம்" என்று கேட்டவளும் அவள்தான். அதை நிறைவேற்றுவது அவள் சொல்லை மதிப்பது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது: எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டனைக்கு உரியவராக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது அதே சட்டம்.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மாதம் தினமும் ஒரு வரி, காலண்டரில் குறித்தாள். நோயை உறுதிசெய்ய மருத்துவர் கேட்பதும் அதைத்தான். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அம்மாவும் கூடவந்தார். மனச்சோர்வுக்கான சில மருந்துகளைச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் எடுத்தாலே பலருக்குப் பலன் தெரியும் என்று அங்கேதான் அறிந்தேன். யாருக்கு எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த நாள்களில் தோழி ஒருத்தி அவளோடு தங்குகிறாள். போனில் இரண்டு எண்கள் இருக்கின்றன: அரசின் டெலிமானஸ் 14416, மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகாவின் எண். அப்பாவைப் பற்றிய பேச்சை அம்மாவும் மகளும் தெளிவான நாள்களிலேயே தொடங்கியிருக்கிறார்கள். அது இன்னும் முடியவில்லை.

இந்த மாதப் பதிவேட்டில் அவளுக்கு இரண்டு நாள் விடுப்பு. எனக்கு முன்கூட்டியே தெரிந்த இரண்டு நாள். மாலையில் போன் செய்தேன்.

"இருக்கேன் மேடம்" என்றாள்.