இறங்கும் கியரும் நிவிருத்தி மார்க்கமும்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடப்பதால், வேகமெடுத்த வண்டி அந்த வேகத்தை அனுபவிப்பதற்கு முன்பே அதைத் துறந்தாக வேண்டியிருக்கிறது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் டீசல் காரில் இச்சாலையில் அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கக்கூடும். வேகம் கூடும்போது ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் ஏறுவதே தெரியாமல் ஏறிவிடுகிற கியர், ஒரு சந்திப்பை நெருங்கி வேகம் தணிகையில், மூன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து ஒன்றுக்கும் விழுகிற இடத்தில், வண்டியை ஓர் உதறு உதறி, உட்கார்ந்திருப்பவரின் கழுத்தைச் சற்றே முன்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஏற்றத்தில் இல்லாத இந்த உதறல் இறக்கத்தில் ஏன் வருகிறது என்ற கேள்வியை ஒர்க்‌ஷாப்புக்கு உரியதென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பதவியும் பலமும் புகழும் குறைந்து வருகிற காலத்தில் மனிதனுடைய அந்தக்கரணம் படுகிற உதறலும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான் பிறக்கிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இயந்திரத்தின் காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கரத்தின் வேகம் மாறாதிருக்கையில், மேல் கியரில் எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். கீழ்க் கியரிலோ அதிகமாகச் சுற்றியாக வேண்டும். ஆறு கியர் உள்ள பெட்டிகள் பலவற்றில், மூன்றாவதில் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சின், இரண்டாவதுக்கு இறங்கியதும் ஏறக்குறைய 1500 சுற்றை எட்டியிருக்க வேண்டும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது இந்த இடைவெளி இன்னும் அகலம். அந்தச் சமயத்தில் ஓட்டுகிறவருடைய கால் பிரேக்கின் மேல் இருக்கிறது. வண்டி முழுவதும் தணிவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. அதே கணத்தில் எஞ்சின் மட்டும் உயர வேண்டியிருக்கிறது. அது தன் பலத்தால் உயர்ந்து சக்கரத்தைச் சந்தித்துவிட்டால் கியர் விழுந்ததே யாருக்கும் தெரியாது. உயராவிட்டால் உருண்டு வருகிற சக்கரமே அதைப் பிடித்திழுத்து உயர்த்துகிறது. அந்த இழுப்புத்தான் உதறலாக நம்மை வந்தடைகிறது. டீசல் எஞ்சினின் உறுப்புகள், கடுமையான அழுத்தத்தைத் தாங்கும்பொருட்டு, பெட்ரோல் எஞ்சினுடையவற்றைவிடக் கனமாகச் செய்யப்படுவதால், இழுபடும்போது உதறலும் அதற்கேற்பக் கனக்கிறது.

வடசேரிப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக், காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, "சாரே, ஆயிலு நல்லாத்தான் இருக்கு. எஞ்சின் ஏறி வந்து சேரதுக்கு முந்தி கியரு விழுந்துருது, அதான் இந்த இடி" என்று சொன்னதில் இந்த விளக்கம் முழுவதும் அடங்கியிருந்தது. வண்டி நிற்கப்போகிற நேரத்தில் எஞ்சின் ஏற வேண்டுமென்பது கேட்ட மாத்திரத்தில் விபரீதமாகத் தோன்றலாம். எனக்கோ, நிவிருத்தி மார்க்கத்தைப் பற்றி நம்மிடையே வெகுகாலமாக இருந்துவரும் ஒரு தப்பெண்ணத்தை அது விளக்கிக் காட்டியது.

பிரவிருத்தி என்றால் முயற்சி, நிவிருத்தி என்றால் முயற்சியை விட்டுவிடுதல் என்று எளிதாகப் பிரித்துவைத்துக்கொண்டு, உழைத்தது போதும், இனிச் சும்மா இருந்தால் சாந்தி தானே வந்து சேரும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் சுமைதாங்கிக் கல்லில் தலைச்சுமையை இறக்கி வைத்தவனோ அப்படி நம்பியிருக்கமாட்டான். சுமையை விடப்போகிற அந்தக் கணத்தில்தான் அவன் கழுத்தை நிமிர்த்தி, இரு கைகளாலும் அதை ஒரு விரற்கடை மேலே தூக்கினான், தூக்காமல் சாய்த்தால் சுமையோடு தானும் சாய்வான் என்பது அவனுக்குத் தெரியும். 1892 டிசம்பரில், பரிவிராஜகராகப் பாரத தேசத்தைச் சுற்றி வந்த விவேகானந்தர், அதற்கு மேல் நடக்க நிலமில்லாத கன்னியாகுமரியில் கடற்பாறையின் மீது தியானத்தில் அமர்ந்தார். அவருடைய தேகசஞ்சாரம் அங்கே முற்றிலும் ஓய்ந்தது; அந்த ஓய்வில் சித்தம் எத்தனை உக்கிரமாக எழுந்திருக்க வேண்டும் என்பதை, அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிகாகோவில் அவர் நின்ற நிலையைக் கொண்டு ஊகிக்கலாம். புறத்தே தணிவதற்கு ஈடாக அகத்தே ஓர் எழுச்சி வேண்டும் என்பதையே நான் நிவிருத்தியின் முதல் இலக்கணமாகக் கொள்கிறேன்.

இந்த எழுச்சி இல்லாத இறக்கத்தை நாஞ்சில் நாட்டில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். அரசு உத்தியோகத்திலும் பள்ளிக்கூடங்களிலும் ஆயுளைச் செலவிட்டவர்கள் நிறைந்த மண் இது. ஓய்வுபெறும் வயதைத் தமிழக அரசு 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. நாள் தள்ளிப்போயிற்றே தவிர, அன்று மாலை மாலையோடும் சால்வையோடும் வீடு வருகிறவருடைய நிலைமை மாறவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் பையில் சிவப்பு மைப் பேனாவுமாகப் படிப்புரையில் வந்து உட்காருவார். பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் தொடங்கி, பால்காரர் எழுதிக்கொடுத்த கணக்குச் சீட்டு வரைக்கும் அந்தப் பேனா சுழித்துக்கொண்டு போகும். மருமகள் காப்பி கொண்டுவர ஐந்து நிமிஷம் தாமதித்தால் அதற்கு விளக்கம் கேட்கப்படும். அவர் பொல்லாதவர் அல்லர். மெய்யாகவே நல்ல மனிதர். அவருடைய சங்கடத்துக்கு ஒப்பான ஒன்று காரிலும் உண்டு. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலுள்ள டார்க் கன்வெர்ட்டருக்குள்ளே லாக்-அப் கிளட்ச் என்று ஒன்றிருக்கிறது. நிதானமான நெடும்பயணத்தில் எரிபொருள் வீணாகாதபடி எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் அது ஒன்றாகப் பூட்டி வைக்கிறது. வேகம் தணியும்போது உரிய வேளையில் அந்தப் பூட்டு விடவில்லையானால் வண்டி குலுங்கியே தீரும். முப்பது நாற்பது வருஷம் ஒரு ஸ்தானத்தோடு தம்மைப் பூட்டிக்கொண்டு, அப்படிப் பூட்டிக்கொண்டதனாலேயே நன்றாகக் காரியம் செய்த ஒருவருக்கு, அந்தப் பூட்டை எப்பொழுது தளர்த்துவது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நம்முடைய ஆசாரியர்கள் இதை அறியாதவர்களல்லர். கிருகஸ்தனை நேரே சந்நியாசத்தில் தள்ளாமல் நடுவே வானப்பிரஸ்தம் என்று ஒரு நிலையை வைத்தார்கள். சைவ சித்தாந்தமோ இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. நல்வினையின் பயனையும் தீவினையின் பயனையும் ஆன்மா ஒரே சமமாக நோக்கும் இருவினையொப்பு வந்து, ஆணவ மலம் தன் பிடி தளரும் பரிபாகத்தை அடைந்த பிறகே திருவருள் பதிகிற சத்திநிபாதம் நிகழும். அதுவும் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்கு தரமாக நிகழும் என்பது அந்தச் சாஸ்திரத்தின் நிர்ணயம். இரண்டு வேகங்கள் சமப்பட்ட பிறகே பற்றுதல் நிகழ வேண்டும் என்று கியர்ப் பெட்டியைச் செய்தவன் கண்டுகொண்டதும், உள்ளம் சமப்பட்ட பிறகே அருள் பதியும் என்று மெய்கண்டார் மரபினர் கண்டதும் ஒன்றே என்று சொல்லத் துணியமாட்டேன். ஜடத்தின் நியதி வேறு, சித்தின் நியதி வேறு. ஆனாலும் சமப்படாத இரண்டு பொருள்களைச் சேர்த்தால் துன்பம் விளையும் என்பதில் இருவரும் உடன்படுகிறார்கள்.

ஒரே எட்டில் அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டும் உதறாதவர்கள் உண்டே என்று கேட்கலாம். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நட்டாலம் தேவசகாயம் பிள்ளை, 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயின் மூலம் கிறிஸ்துவ சமயத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார்; 1749-இல் கைதானார்; 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மாண்டார். 2022-இல் ரோமாபுரி அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. அரண்மனையிலிருந்து விலங்குக்கு இறங்கிய அந்த இறக்கம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் திடீரென்று நேர்ந்தது. ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் இடையே கழிந்த நான்கு வருஷங்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இறங்க வேண்டிய நாள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவருடைய உள்ளம், அந்த நிலைக்கு வேண்டிய வேகத்தில் சுழலத் தொடங்கியிருக்க வேண்டும்.

வாசனைகள் எனப்படும் பழக்கப் பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இக்காலத்துக் கியர்ப் பெட்டிகள், தம்முடைய கிளட்சுகளின் தேய்மானத்தையும் எண்ணெயின் போக்கையும் நாளடைவில் கற்று நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கேற்றபடி அடுத்த மாற்றத்துக்கான அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. கற்றது பிசகினால் உதறலும் பழக்கமாகிவிடுகிறது. அப்பொழுது மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி அந்த நினைவை அழித்துவிடுகிறார். அழித்த பிறகு வண்டி உடனே சீராகிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதால் சில நாட்களுக்கு அது முன்னைவிட அதிகமாகவும் உதறக்கூடும். தீட்சை பெற்றவரும், நாற்பத்தோரு நாள் விரதத்துக்கு முதன்முறையாக மாலையிட்டவரும், மதுவை விட்டவரும் ஆரம்ப நாட்களில் மனைவி மக்கள்மேல் எரிந்து விழுவதைக் கண்டு, இவருக்குப் பக்தி எதற்கு, விரதம் எதற்கு என்று வீட்டார் நொந்துகொள்வதுண்டு. பழைய வாசனை அழிந்து புதியது பதியாத இடைக்காலம் அது. நினைவு அழிக்கப்பட்ட வண்டியை நெரிசலில் விரட்டாமல், பிரேக்கையும் மெல்ல மிதித்து, சமமான சாலையில் சில காலம் ஓட்டச் சொல்வதுபோல, அந்த மனிதருக்கும் வீட்டார் கொடுக்க வேண்டிய பொறுமையின் அளவு மற்றக் காலங்களைக் காட்டிலும் அப்பொழுதுதான் அதிகம்.