எதிர் லேபின் கதவைத் தட்டு!

உனக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுத்த அன்று நீயே சொல்லிக்கொண்டாய். தாவரவியல், விலங்கியல் என்று ‘பியூர் சயின்ஸ்’ பக்கம் போனாய். கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டாய். உன்னோடு படித்தவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தான். இனி தவளையும் கரப்பானும் தன் வாழ்க்கையில் கிடையாது என்று குதித்தான். பதினாறு வயதில் கிழித்த எல்லையை, பிஎச்.டி. ஸ்காலர் ஆன பிறகும் இருவரும் தாண்ட மாட்டேன் என்கிறீர்கள். என்ன பயம் இது, தங்கச்சி?

நீ செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, அது எப்போது பிளவுபடும் என்பதைக் கண்ணாலேயே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாய். இரண்டு மாடி தள்ளி அவன் அதே செல்லின் மாதிரியைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதற்குள் போட வேண்டிய எண்களைப் பழைய ஆய்வுக் கட்டுரைகளில் தேடித் தேடிக் கண் பூத்துப்போகிறான். அந்த எண் உன் லேப் நோட்டில் இருக்கிறது! உன் நோட்டில் அர்த்தம் புரியாமல் கிடக்கும் வளைகோட்டுக்கு அவன் சமன்பாட்டில் விடை இருக்கலாம். லிஃப்டில் சந்திக்கிறீர்கள், தலையாட்டிக்கொள்கிறீர்கள், அவரவர் மாடியில் இறங்கிக்கொள்கிறீர்கள்.

அந்தத் தலையாட்டலுக்கு விலை உண்டு. தவளை முட்டையின் விஷயத்தில் அந்த விலை பத்து வருஷம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிளாக்ஸ்பர்க் என்றொரு சின்ன ஊர். அங்குள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஜான் டைசன், வேதி இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். புடாபெஸ்ட்டைச் சேர்ந்த பேலா நோவாக் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். செல் பிளவுபட வேண்டுமானால் சைக்ளின் என்ற புரதம் சேர வேண்டும். இந்தப் புரதத்தை டிம் ஹன்ட் 1982இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டிருந்தார். சைக்ளின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகிறது. ஆனால் செல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளவுக்குள் போவதில்லை. சும்மா இருக்கிறது, இருக்கிறது, திடீரென்று முழுசாக உள்ளே குதித்துவிடுகிறது. ஃபேன் ரெகுலேட்டரைத் திருகத் திருக, விளைவு மட்டும் சுவிட்சைத் தட்டியது மாதிரி வருகிறது. எப்படி?

தவளை முட்டையில் அன்றைக்குத் தெரிந்திருந்த வேதிவினைகளை எல்லாம் சமன்பாடாக்கிக் கணினியில் ஓட்டி, 1993இல் அவர்கள் சொன்ன பதில் இது: பிளவுக்குள் நுழைய அதிக சைக்ளின் வேண்டும், நுழைந்துவிட்டால், அங்கேயே நிற்க அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும். ஆக, இடைப்பட்ட அளவில் சைக்ளின் இருக்கும்போது செல் எந்த நிலையில் இருக்கும் என்பது, அது எந்த நிலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. கூடவே இன்னும் இரண்டு சொன்னார்கள். நுழைவு அளவை ஒட்டி சைக்ளின் இருந்தால் செல் வழக்கத்தைவிட வெகுநேரம் தயங்கும். டி.என்.ஏ. இன்னும் பிரதியெடுக்கப்படாமல் கிடந்தால் நுழைவு அளவு உயரும்.

கணக்குப் பத்திரிகையில் ஒளித்து வைக்கவில்லை. செல் உயிரியலாளர்கள் படிக்கும் பத்திரிகையில்தான் எழுதினார்கள். சோதித்துப் பார்க்கத் தேவையான தவளை இருந்தது. முட்டைச் சாறு எடுக்கும் முறை இருந்தது. சிதையாத சைக்ளின்கூட 1990 வாக்கிலேயே கைவசம் இருந்தது. சோதனை முடிவு வெளிவந்த வருஷம்? 2003! சமன்பாட்டைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆனால் என் அபிப்பிராயம் இதுதான்: அந்தப் பத்து வருஷமும் குறைந்தது கருவியல்ல, சாமான் அல்ல, எதிர் லேபுக்கு நடந்து போகிற துணிச்சல்.

கடைசியில் சோதித்தது யார் தெரியுமா? அதே வர்ஜீனியா டெக்கில் தவளை முட்டையில் ஆய்வு செய்த ஜில் சிபிளின் ஆய்வுக்கூடம், டைசனோடு சேர்ந்து. அந்த வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார், உனக்கே தெரியும் இதில் உன் பங்கு எவ்வளவு பெரியது என்று. ஹார்மோன் ஊசி போட்ட தவளை இட்ட முட்டைகளைச் சேகரிக்க வேண்டும். சுற்றியுள்ள வழவழப்பான ஜெல்லியைக் கரைத்து எடுக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் முட்டைகள் நசுங்கி அடுக்கடுக்காகப் பிரியும்: மேலே கொழுப்பு, அடியில் மஞ்சள் கரு, நடுவில் செல்லின் சாறு. அந்த நடு அடுக்கை மட்டும் ஊசியால் குத்தி உறிஞ்ச வேண்டும். கை நடுங்கினால் கொழுப்பும் சேர்ந்து வந்துவிடும். செல் என்ற உருவமே போய்விட்ட அந்தச் சாறு, குழாய்க்குள் தன்பாட்டுக்குப் பிளவுச் சுழற்சியைத் தொடர்கிறது!

அதில் புதுப் புரதம் உருவாகாதபடி மருந்தால் நிறுத்திவிட்டு, சிதையாத சைக்ளினை அளந்து அளந்து சேர்த்தார்கள். விந்தணுவின் உட்கருக்களையும் போட்டு, அவ்வப்போது ஒரு துளி எடுத்துச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். உட்கரு உருண்டையாக, விளிம்பு கலையாமல் இருந்தால் சாறு இன்னும் பிளவுக்குள் போகவில்லை. விளிம்பு கரைந்து குரோமோசோம்கள் சுருண்டு திரண்டுவிட்டால் பிளவுக்குள் போய்விட்டது. முடிவு: நுழைய 32 முதல் 40 நானோமோலார் சைக்ளின் வேண்டியிருந்தது. ஏற்கெனவே பிளவில் இருந்த சாறு அங்கேயே நிற்க 16 முதல் 24 போதுமாக இருந்தது. மற்ற இரண்டு கணிப்புகளும் பலித்தன. அதே 2003இல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃபெரல், கணித அறிஞர் எடுவார்டோ சொன்டாக்கோடு சேர்ந்து, தனி வழியில் போய் இதே முடிவுக்கு வந்தார்.

இப்போது சொல், இதில் யார் பெரியவர்? ஊசி பிடித்த கையா, சமன்பாடு எழுதிய கையா? அந்த 32ஐயும் 16ஐயும் எந்தக் கணினியாலும் குழாயிலிருந்து எடுத்துத் தர முடியாது. இரண்டு அளவையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது, சமன்பாடு சொல்லாமல் பெஞ்சில் நிற்பவருக்குத் தோன்றுவதும் அரிது.

தம்பி, மாடல் போடுகிறவனே, நீ ஏன் சிரிக்கிறாய்? உனக்கும் இருக்கிறது. டைசனும் நோவாக்கும் கழுத்தை நீட்டினார்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்திருந்தால் அந்த மாதிரி அன்றோடு காலி. உன் மாதிரி அப்படி எதற்காவது கழுத்தை நீட்டியிருக்கிறதா? இருபது எண்களை இஷ்டத்துக்குத் திருகி, எந்தத் தரவு வந்தாலும் அதன்மேல் கோடு படிகிற மாதிரி செய்துவிட்டு, ‘பொருந்திவிட்டது’ என்கிறாயே, அதற்குப் பெயர் பாதுகாப்பு. துணிச்சல் இருந்தால், இன்னும் யாரும் செய்யாத சோதனையில் என்ன வரும் என்று இன்றைக்கே எழுதிக் கொடு. ‘டேட்டா அனுப்புங்க’ என்று மெயில் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க பெஞ்ச் பக்கத்தில் நில். முட்டைச் சாறு சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவன், ‘இன்னும் இருநூறு புள்ளி வேணும்’ என்று கேட்க மாட்டான்.

கம்ப்யூட்டர் வசதி இல்லை, ஃபண்டிங் இல்லை என்று இழுக்கிறாயா? ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1949 கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வுக்கூடத்தில், கணவாயின் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பு இழைக்குள் மின்முனையைச் செருகி அளந்துகொண்டு வந்தார்கள். சமன்பாடும் எழுதியாயிற்று. கணக்கிடலாம் என்று பார்த்தால், கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி மாற்றியமைப்பு வேலைக்காக ஆறு மாதம் மூடிக் கிடந்தது. ஹக்ஸ்லி காத்திருக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்குப் பொறியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இழை நெடுக ஓடும் ஒரே ஒரு துடிப்பைக் கணக்கிட வாரக்கணக்கில் ஆனது! சமன்பாடு சொன்ன வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர், கணவாய் நரம்பில் அளந்தது 21.2 மீட்டர். 1963இல் நோபல் பரிசு வீடு தேடி வந்தது.

அவர்கள் பிறவி மேதைகள் என்று தப்பித்துக்கொள்ளாதே. ஹாட்ஜ்கின் உயிரியல் மாணவர். கணக்கையும் இயற்பியலையும் விடாதே என்று விலங்கியல் ஆசிரியர் கார்ல் பேன்டின் சொன்னதை மதித்துத் தானாகப் படித்துக்கொண்டவர். ஹக்ஸ்லி எஞ்சினியர் ஆகலாம் என்று கிளம்பியவர். இருவருக்கும் தலைக்கனமும் இல்லை: கணக்கு ஒத்துப்போவதாலேயே உள்ளே இப்படித்தான் நடக்கிறது என்று ஆகிவிடாது என்று 1952ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எழுதி வைத்தார்கள். பொட்டாசியம் போகும் வழி திறக்க நான்கு கூறுகள் ஒருசேர இசைய வேண்டும் என்று அந்தச் சமன்பாடு கொண்டிருந்தது. 1998இல் ராடரிக் மெக்கின்னன் ஒரு பொட்டாசியம் வாய்க்காலின் வடிவத்தைக் காட்டியபோது அதில் நான்கு துணை அலகுகள் சுற்றி நின்றன.

இதெல்லாம் வெளிநாட்டில் என்று உதறாதே. பெங்களூரு பக்கத்து ஊர். அங்கே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆய்வு செய்த சத்யஜித் மேயர் செல் உயிரியலாளர். அப்போது ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மதன் ராவ் கோட்பாட்டு இயற்பியலாளர். செல்லின் மேல்சவ்வில் சில புரதங்கள் இரண்டு மூன்றாக, அதிகம் போனால் நான்காகக் கூடி நிற்பதை மேயர் குழு கண்டது. சவ்வில் புரதம் அதிகமானால் கூடி நிற்பவற்றின் பங்கும் அதிகமாக வேண்டும். பாடப்புத்தக வேதியியல் அப்படித்தான் சொல்கிறது. ஆகவில்லை! புரதம் எவ்வளவு இருந்தாலும் 20 முதல் 40 சதவீதம் என்ற அளவிலேயே நின்றது. வேறு யாராவது என்றால் ‘எங்கேயோ பிசகு’ என்று அந்தத் தரவைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பார்கள். 2004இல் இருவரும் சேர்ந்தே அதை வெளியிட்டார்கள். தானாகச் சேர்கிற விஷயம் அல்ல இது, செல் ஆற்றலைச் செலவழித்துச் சேர்க்கிறது என்ற திசையில் தொடர்ந்து போய், சவ்வுக்கு அடியில் ஆக்டின் இழைகள் இந்த வேலையைச் செய்வதாக 2012இல் ஒரு மாதிரியையும் சோதனையையும் ஒன்றாக முன்வைத்தார்கள். ஒத்துவராத எண்ணைக் கண்டு நெளியாத உயிரியலாளர், அந்த எண்ணைக் கண்டு உற்சாகமடைந்த இயற்பியலாளர். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஆகவே தங்கச்சி, அவன் முன்னால் போய் உட்கார்ந்ததும் ‘எனக்கு மேத்ஸ் வராது, தப்பா நினைக்காதீங்க’ என்று ஆரம்பிக்காதே. அவன் என்றைக்காவது ‘எனக்கு பிப்பெட் பிடிக்கத் தெரியாது, மன்னிச்சுக்குங்க’ என்று சொன்னானா? தெரியாததைத் தெரியாது என்று நிமிர்ந்து சொல், அதோடு நிறுத்து. அவன் ‘கூடியதுன்னா எவ்வளவு கூடியது? எத்தனாவது நிமிஷத்துல?’ என்று குடைவான். கோபப்படாதே. வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை கறுப்பாகத் தெரிகிறது என்பது உனக்குப் போதும், அவன் சமன்பாட்டுக்குப் போதாது. அந்தக் குடைச்சலில்தான் நீ அளக்காமல் விட்டது எது என்று உனக்கே தெரியவரும்.

வேலையெல்லாம் முடிந்து, ‘ரெஃப்ரீ கேக்கறார், ஒரு மாடல் போட்டுக் குடுங்க’ என்று கடைசி வாரத்தில் போய் நிற்பதைக் கூட்டாய்வு என்று சொல்லிக்கொள்ளாதே. முதல் சோதனையைத் திட்டமிடும் அன்றே போ. கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் அன்றே பேசு. கூச்சப்பட்டு விட்டால் பின்னால் அதிலேயே நட்பு முறியும். இரண்டு கைடுகளும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டால் முறைத்துக்கொள்ளட்டும். நீங்கள் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதற்கு எந்தத் துறைத்தலைவரின் கையெழுத்தும் வேண்டியதில்லை.

போகும்போது ஸ்லைடு எதுவும் வேண்டாம். உனக்கே விளங்காத ஒரே ஒரு வரைபடத்தைக் கொண்டுபோ. நேரம் நொடியிலா நிமிடத்திலா, செறிவு எந்த அலகில், எத்தனை முறை செய்தாய், எவ்வளவு சிதறியது, எல்லாம் அதிலேயே இருக்கட்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விரலை வைத்து, ‘இங்க என்ன ஆகும்?’ என்று கேள். அவன் ஒரு மதிப்பைச் சொன்னால், தேதி போட்டு அந்தத் தாளிலேயே எழுத வை. திங்கட்கிழமை வரும் முதல் பேட்ச் செல்லில் அதை அளந்துவிடு.