வந்தவனின் முதல் மாலை



1973இல் ஓட்டத்தை நிறுத்திய ரஜூலா கப்பலில் நம் முன்னோர் நாட்கணக்கில் கடல் கடந்தனர். பினாங்குக் கரை தெரிவதற்குள் மேல்தளத்தில் நாலு தோழர்களாவது சேர்ந்துவிடுவார்கள். இன்று விமானம் நான்கு மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறது. சுங்கை ஆயர் தாவார்க் கடைக்கு மஃரிபு வேளையில் வந்திறங்கும் பிள்ளைக்கு ஒரு முகமும் தெரியாது. ஊரின் பெயருக்கே உப்பில்லாத நன்னீர் ஆறு என்றுதான் பொருள். வந்தவனுக்கு முதலில் கிடைப்பதோ பல இடங்களில் கரிப்புத்தான்!

முஸாபிருக்கு நான்கு ரகஅத்தை இரண்டாகச் சுருக்கித் தந்தான் அல்லாஹுதஆலா. படைத்தவனே பயணியின் கடமையில் சலுகை காட்டியிருக்க, நம்மில் சிலர் அன்று மாலையே பேரேட்டை விரித்து விமானக் கட்டணத்தை அவன் பேரில் பற்று எழுதுவது எந்த நியாயம்? விருந்தாளிக்கு ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பு உபசாரம் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த முறையல்லவா?

“பத்திரமாக இருக்கட்டும்” என்று அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டுகிறோமே, அது அமானிதமா? கேட்டால் கொடுக்க மறுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பிறர் பாஸ்போர்ட்டை அப்படி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றமே.

கிப்லாத் திசையைக் காட்டுங்கள், குளித்துச் சாப்பிடட்டும், தாயாரோடு பேசட்டும். கடனை எழுதச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் சாட்சி இருவரையும் வைக்கச் சொல்கிறது. சம்பளமும் கடனும் மறுநாள் அவ்வாறே எழுதப்படட்டும். ஒரு பிரதி அவன் கையில் இருக்கட்டும்.